மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்ல முடிகிறவர்கள்

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள் மாலை எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. கல்வி உதவித்தொகை பெறும் மாணவர் பட்டியல். "கீழ்க்கண்டவர்கள் நாளைக்குள் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும்" என்று மேலே ஒரு வரி. திறந்து பார்த்தேன். பெயர், தந்தை பெயர், ஊர், செல்பேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். அதையடுத்து "சமூகம்" என்று ஒரு கட்டம். எஸ்சி, எஸ்சி(ஏ), எஸ்டி. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை வாங்குபவன் என்பதால் என் பெயரும் அதில் இருந்தது. குழுவில் மாணவர்களும் ஆசிரியர்களுமாக இருநூறு பேர். சில நிமிடங்களில் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அன்று இரவு முதலாண்டு முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, அந்த லிஸ்டை அழிக்கச் சொல்ல முடியுமா? எங்க ரூம்ல யாருக்கும் தெரியாதுண்ணா. நானா சொல்றப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். பட்டியலைப் போட்டவர் கெட்டவர் இல்லை. எங்கள் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கும்போது தானே தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுகிறவர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இதுல என்ன தம்பி இருக்கு? கவர்மெண்ட் குடுக்குற காசு. திருட்டுத்தனமாவா வாங்குறீங்க? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். மாலைக்குள் அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் அந்தப் பட்டியல் எத்தனையோ போன்களில் இறங்கியிருந்தது.

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இணையம், தனியுரிமை என்று எங்கே பேச்செடுத்தாலும் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. தேநீர்க்கடையில் கேட்கிறேன், ஆய்வரங்குகளில் கேட்கிறேன், நம் தோழர்களிடமும் கேட்கிறேன். "நான் என்ன தப்பா பண்றேன், பார்த்தா பார்த்துட்டுப் போறான்." "ஓசியில தர்றான், டேட்டாவை எடுத்துக்கட்டும்." "இதெல்லாம் மேட்டுக்குடிக் கவலை தோழர், நமக்குச் சோறுதான் முதல்ல." இந்த மூன்று பேச்சும் நம் வீட்டுப் பேச்சாக எப்படி ஆனது என்பதுதான் என் கேள்வி. மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். தன் பெயரும் தெருவும் தெரிந்த பிறகும் தன்னை யாரும் வேறு மாதிரி பார்க்க மாட்டார்கள் என்ற உறுதிதான் அந்தத் தகுதி. இந்த நாட்டில் அது பிறப்பிலேயே சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த மாணவிக்குக் கிடைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கருக்கும் கிடைக்கவில்லை. லண்டனில் இருந்து 1917இல் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனவருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. கொலம்பியாவில் படித்தவர் என்பதெல்லாம் அங்கே செல்லவில்லை. வேறு வழியின்றி ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்றே வெளியேற வேண்டியிருந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். நம்மில் பலர் இதைத் தீண்டாமையின் கதையாக மட்டுமே படித்திருக்கிறோம். இது தனியுரிமையின் கதையும்கூட. அவருக்குக் கிடைத்த பத்து நாள் கூரை, ஒரு தகவல் வெளியே தெரியாமல் இருந்த வரைக்கும்தான் கிடைத்தது. ஆதார் நகலும் செல்பேசி எண்ணும் கேட்கும் இன்றைய விடுதி மேசையில் அந்தப் பத்து நாள்கூடக் கிடைத்திருக்குமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "சாதியை மறைப்பது தன்மானத்துக்கு இழுக்கில்லையா? நாம் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டியவர்கள் அல்லவா?" ஆம், சொல்ல வேண்டியவர்கள்தான். ஏப்ரல் 14 அன்று நீலக்கொடியோடு நான் எடுத்த படங்கள் என் பக்கத்தில் இருக்கின்றன. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானே போட்டேன். யாரிடம், எப்போது, எந்தச் சொல்லால் சொல்வது என்பதை நான் தீர்மானித்தேன். அந்த மாணவியும் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லவில்லை. "நானா சொல்றப்ப" என்றுதான் சொன்னார். தானாகச் சொல்வது அரசியல். பிடிஎஃப் கட்டத்தில் அடுத்தவர் எழுதி ஊருக்கு அனுப்புவது, தெருவில் நடப்பவர் முதுகில் அடையாளம் ஒட்டும் பழைய வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள், நம் சுயமரியாதையை நமக்கு எதிராகவே பயன்படுத்துகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பெயரைக் கேட்ட நொடியில் எதிராளியின் படிநிலையைக் கணக்குப் போடும் வாய்ப்பைப் பறித்த தீர்மானம் அது. இன்று நாம் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்கிறோம். வெளிநாட்டு நிறுவனத்தின் படிவம் 'குடும்பப் பெயர்' கேட்டு நம்மைத் திணறடிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை வரும்.

ஆனால் அந்தத் தீர்மானத்தைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் சத்தமில்லாமல் செல்லாததாக்கி வருகின்றன. "நாங்கள் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை" என்று அவர்கள் சொல்லலாம். கேட்க வேண்டிய அவசியமில்லை. உணவு கொண்டுவரும் செயலிக்கு என் முகவரி தெரியும். முகவரியில் ஒரு சொல் போதும். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்டது என்று சொல்லித்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசே அதை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக அறிவித்தது. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி, அடுத்தவர்கள் தங்கள் போனில் என்னை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்களோ அதை அள்ளிக்கொண்டுபோய் ஊருக்குக் காட்ட முடியும். எங்கள் ஊரில் மின்வேலை செய்யும் உறவினர் ஒருவரின் எண், யாரோ ஒருவருடைய போனில் 'காலனி கரண்ட்காரர்' என்று இருந்ததை நானே பார்த்தேன். திருமணத் தகவல் தளங்கள் இந்தச் சுற்றுவழிகூட இல்லாமல் நேரடியாகவே சாதியைச் சலித்து எடுக்கும் வடிகட்டி வைத்து வியாபாரம் செய்கின்றன. உட்சாதிக்குக்கூடத் தனிக் கட்டம் உண்டு. முகவரி, படித்த பள்ளி, நண்பர் பட்டியல், பகிர்ந்த படம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எந்த இயந்திரத்துக்கும் நம்மைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஓசியில் தருகிறார்கள் என்கிறோமே, நாம் கொடுக்கும் விலை இதுதான்.

இந்த நிறுவனங்களுக்குச் சாதி தெரியாது, அவை அமெரிக்காவில் இருக்கின்றன என்று நினைப்பவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். 2020இல் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று, தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2022 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் பேசுவதாக இருந்த கூட்டம், ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. சாதியைப் பற்றி ஓர் உரையைத் தாங்க முடியாத இடத்தில்தான் நம் தேடல்களும் கடிதங்களும் படங்களும் இருக்கின்றன.

அடுத்து, மேட்டுக்குடிக் கவலை என்ற பேச்சு. இது நம் தரப்பில் இருந்தே வருவதால்தான் அதிகம் வலிக்கிறது. ஏழைக்கு எதற்குத் தனியுரிமை என்ற தொனியிலான வாதம் 2017இல் உச்ச நீதிமன்றத்திலேயே வந்தது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வந்த ஆதார் தீர்ப்பைப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது பெரும்பான்மை. அரசின் மானியமும் நலத்திட்டமும் பெறுவதற்குக் கட்டாயமாக்கலாம் என்றது. சொந்தக் காசில் வாழ்பவரின் விரல்ரேகை அவருடையது. ரேஷன் அரிசி வாங்கும் பாட்டியின் விரல்ரேகை அரசுடையது. வேலை செய்து தேய்ந்துபோன அந்த விரலை இயந்திரம் ஏற்க மறுத்தால், திரும்பிப் போக வேண்டியவரும் அவர்தான். இதில் மேட்டுக்குடி எங்கே வந்தது?

கண்காணிப்பு முதலில் யார் உடம்பில் இறங்கியது என்றும் பாருங்கள். நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் நகரங்களில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்க்கலாம். கழிவறைக்குப் போகும்போதும் யாரோ பார்ப்பது போலிருக்கிறது என்று பெண் பணியாளர்கள் சொன்னார்கள். சண்டிகரில் போராட்டமும் நடத்தினார்கள். மாநகராட்சிப் பொறியாளரின் கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டியதாக நான் படித்ததில்லை. நூறு நாள் வேலையில் 2023 சனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. சிக்னல் இல்லாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆனந்த் டெல்டும்டே பெகாசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டது 2019இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அண்ணல் பிறந்தநாளன்றே அவர் கைதானார். மலக்குழியில் இறங்குகிறவர் முதல் அண்ணலைப் பற்றி நூல் எழுதுகிறவர் வரை கண்காணிப்பின் வரிசையில் முன்னால் நிறுத்தப்படுவது நாம்தான். இதை மேட்டுக்குடிக் கவலை என்று நாமே தள்ளிவைத்தால், அந்தக் கவலை என்றைக்கும் மேட்டுக்குடிக்கு மட்டுமே தீரும்.

சாதி மறுப்புத் திருமணம் செய்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்ய விரும்பும் இணையரின் விவரம் முப்பது நாள் அறிவிப்பாகப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கேரளத்தில் இந்த அறிவிப்புகள் இணையத்திலும் ஏற்றப்பட்டன. மதவெறிக் கும்பல்கள் அவற்றை எடுத்துப் பரப்பியதால், 2020இல் அரசு அந்தப் பதிவேற்றத்தை நிறுத்தியது. நம் மாநிலத்தின் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட ஏற்பு கிடைத்தது; அதற்கு முப்பது நாள் அறிவிப்பு இல்லை. அதற்கும் ஊரறிந்த சடங்கு வேண்டும் என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. குடும்ப எதிர்ப்பைத் தாண்டி இணைகிறவர்களைப் பகிரங்க அறிவிப்புக்குக் கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு என்று கேட்பவர்கள், இந்த முப்பது நாளை அந்த இணையரோடு ஒருமுறை வாழ்ந்து பார்க்கட்டும்.

"அதான் சட்டம் வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கிறது: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் நமக்கு என்ன இருக்கிறது?

நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் 'கூர் உணர்வுத் தகவல்' என்று ஒரு தனி வகை இருந்தது. அதில் உடல்நலம், மதம் ஆகியவற்றோடு சாதி, பழங்குடி அடையாளமும் பட்டியலிடப்பட்டிருந்தது. அவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு இருந்திருக்கும். 2023 சட்டத்தில் அந்த வகையே இல்லை. உங்கள் சாதிச் சான்றிதழும் நீங்கள் பீட்சா வாங்கிய ரசீதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இறையாண்மை, பொது ஒழுங்கு என்று சொல்லித் தன் அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்கு அளித்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். நிறுவனத்தின் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் நீக்குகிறது. தகவலுக்கு உரியவருக்கும் கடமைகள் விதித்து, தவறினால் 10,000 ரூபாய் வரை தண்டம் என்கிறது. அந்தக் கடமைகளில் ஒன்று, ஆள்மாறாட்டம் செய்யாமை. பரோடா விடுதியில் பெயர் மாற்றி எழுதியவரை இந்தச் சட்டம் எந்தக் கட்டத்தில் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பட்டியலில் இருந்த இன்னொரு மாணவருக்கு இரண்டு வாரம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. "உங்கள் ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்." சொல்லிவிட்டார். 6,500 ரூபாய் போனது. அவர் அப்பாவின் இரண்டு வாரக் கூலி அது. அந்த பிடிஎஃப்பில் இருந்துதான் எண் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அழைத்தவனுக்கு அவர் பெயர், படிப்பு, வங்கி எல்லாம் தெரிந்திருந்தது. இந்தச் சட்டத்தின்படி அவருக்கு இழப்பீடாக ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று இதே சட்டத்துக்குள் இருக்கிறது. தனியுரிமையின் பெயரைச் சொல்லி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தினார்கள். தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். 8(2) பிரிவில் பொதுநலன் இன்னும் இருக்கிறது என்று அரசு சமாதானம் சொல்கிறது. அதை எடைபோடப் போவது மறுக்கக் காத்திருக்கும் அதே அதிகாரிதான். இடஒதுக்கீட்டுப் பணியிடத்தில் யார் நியமிக்கப்பட்டார், முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுத்தான் நம்மவர்கள் எத்தனையோ முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தார்கள். இனி அதே கேள்விக்கு "அது அவருடைய தனியுரிமை" என்று பதில் வரலாம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவல் அறியும் உரிமை மீதான வெட்டு உடனே நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை இந்தத் தேதிகளே சொல்லிவிடுகின்றன.

"அப்படியானால் சாதிவாரிக் கணக்கெடுப்பை ஏன் கேட்கிறீர்கள்? கொலை வழக்குகளில் சிசிடிவி பதிவைச் சாட்சியாகக் கேட்கவில்லையா?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கேமரா பதிவு முக்கியமான சான்றாக இருந்ததை மறக்க முடியாது. கேமராவே கூடாது என்பது என் வாதமல்ல. அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறது, எதற்குத் திறக்கப்படுகிறது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே கேள்வி. கணக்கெடுப்புக்கும் இதே விடைதான். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தனிநபர் விவரம் எழுதிய ஏடுகளை யாரும் பார்க்கவோ சாட்சியமாகக் கொண்டுவரவோ முடியாது என்கிறது. எண்ணிக்கை ஊருக்கு, பெயர் பெட்டிக்குள். எத்தனை தலித் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது நாடறிய வேண்டிய செய்தி. விடுதி அறையில் இருக்கும் மாணவி என்ன சாதி என்பது யாருக்கும் தேவையில்லாத செய்தி. இன்று இது தலைகீழாக நடக்கிறது. முதலாவதைக் கேட்டால் தனியுரிமை என்கிறார்கள். இரண்டாவது வாட்ஸ்அப்பில் வருகிறது.

எனவே நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவையும் ஏற வேண்டும். சாதி, பழங்குடி அடையாளம் தனிப் பாதுகாப்புக்குரிய தகவலாகச் சட்டத்தில் திரும்ப வர வேண்டும். தகவல் அறியும் உரிமைத் திருத்தம் நீக்கப்பட வேண்டும். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். தூய்மைப் பணியாளர் உடம்பில் கண்காணிப்புக் கருவி கட்டுவது தடை செய்யப்பட வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு போக வேண்டும். உதவித்தொகைப் பட்டியலைக் கல்வி நிறுவனங்கள் பொதுவில் ஒட்டவோ அனுப்பவோ கூடாது. மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த முறை அப்படி ஒரு பட்டியல் உங்கள் குழுவில் வந்தால் கட்டைவிரலை உயர்த்தாதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் போனில் இருந்து அழியுங்கள். அனுப்பியவரிடம் போய்ப் பேசுங்கள், முடிந்தால் எழுத்தில் கொடுங்கள். குறிப்பாக, அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தோழர்கள் முதலில் போய்ப் பேசுங்கள். பெயர் இருப்பவர் போய்ப் பேசினால், தன்னை இன்னொரு முறை வெளிக்காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று நான் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த நான்கு பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். என் சாதியை நான் மறைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பார்வை என்னவென்று எனக்குத் தெரியும்.